அரைச்சுற்று அக்காவின் ஐந்து வார்த்தைகள்

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைச்சுற்று அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே ஆள் விளங்கும். பிஸ்கட் பொட்டலம் போடும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர். எந்த நட்டை முடுக்கினாலும், மற்றவர்கள் போதும் என்று நினைக்கிற இடத்தில் அவள் நிறுத்த மாட்டாள். "இன்னும் அரைச் சுத்து" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை ஒரு தள்ளு தள்ளிவிட்டுத்தான் நிமிர்வாள். அவள் முடுக்கிய நட்டு தானாகக் கழன்றதாகச் சரித்திரமே கிடையாது.

வீட்டிலும் அதே கைதான். சர்க்கரை டப்பாவை அவள் மூடினால் மூடியதுதான். பஸ் ஓட்டி ஓட்டி உரமேறிய கை அவள் கணவருடையது. அவரே துணியைச் சுற்றித் திருகிப் பார்த்துவிட்டு, முடியாமல், டீயை வெறுமனே குடித்துவிட்டு வேலைக்குப் போவார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சே கிளம்பிவிட்டது. கல்லூரியில் படிக்கிற மகளுக்கும் ஒரு நட்டு உண்டு. மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாலிபால் பயிற்சி முடிவதே ஆறுக்கு. அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். பாதி ஆட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளை எந்தக் குழுவில் சேர்ப்பார்கள்? ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் தலைமை ஃபிட்டர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிமேல் அக்காவுக்கு எத்தனை வருட ஆசை என்பது அவளுக்கும் அந்த நாற்காலிக்கும் மட்டுமே தெரியும். ஆனால் மேனேஜர் ஒரு கொக்கி போட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த புது மெஷினில் இரண்டு மாதமாக பிஸ்கட் சுற்றும் பிளாஸ்டிக் தாள் மணிக்கொரு தடவை அறுந்துகொண்டிருந்தது.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கம்பெனி எஞ்சினியர் வீடியோல வர்றார். அவர்கிட்ட இங்கிலீஷ்ல பேசி, மெஷினைச் சரி பண்ணிக் காட்டுங்கக்கா. நாற்காலி உங்களுது. இல்லேன்னா வெளியிலேர்ந்துதான் ஆள் எடுக்கணும்."

இங்கிலீஷில் அக்காவுக்கு எஸ், நோ, டைட் இந்த மூன்றும் சரளம்.

மகள் மெஷினோடு வந்த புத்தகத்தை வாங்கி இரண்டு நாள் புரட்டினாள். பிறகு ஒரு பிஸ்கட் அட்டையின் பின்புறத்தில் ஐந்து வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். லூசன், ஸ்லாக்கன், ஈஸ், ரிலீஸ், ரிலாக்ஸ்.

"அஞ்சுக்கும் என்னடி அர்த்தம்?"

"தளர்த்துறதும்மா."

"ஒரு வேலைக்கு எதுக்கு அஞ்சு வார்த்தை? அவங்களுக்கு வேற பொழப்பில்லையா?"

"நாமளும்தான் சொல்றோம். நட்டை இளக்குங்கிறோம், கயித்தை விட்டுப் பிடிங்கிறோம், பிடியைத் தளர்த்துங்கிறோம். அதே மாதிரிதான். நட்டு, மூடி, முடிச்சு இதுக்கெல்லாம் லூசன். கழட்டக் கூடாது, பிடி மட்டும் விடணும். இழுத்துக் கட்டின பெல்ட், தாள், கயிறு இதையெல்லாம் கொஞ்சம் தொய்ய விட்டா ஸ்லாக்கன். அவசரப்படாம கொஞ்சம் கொஞ்சமா விட்டா ஈஸ். அடைச்சு வச்ச காத்தை ஒரேடியா விட்டா ரிலீஸ்."

"அஞ்சாவது?"

மகள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். "அது உடம்புக்கும் சட்டதிட்டத்துக்கும். உதாரணம் சொல்றேன், கூடவே சொல்லு. ரிலாக்ஸ் தி சிக்ஸ் ஓ கிளாக் ரூல்."

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மத்த நாலும் போதும் எனக்கு," என்றாள் அக்கா.

அந்த நாலும் அவளைப் பிடித்து ஆட்டின. பல் தேய்க்கும்போது லூசன், பஸ்ஸில் ஸ்லாக்கன். பக்கத்து சீட்டுக்காரி "என்னங்க, உடம்பு ஏதும் முடியலையா?" என்று கேட்டுவிட்டாள். பயம் ஒருபக்கம் இருந்தாலும், ஒவ்வொரு வார்த்தையும் கைக்குள் வந்து உட்கார உட்கார அவளுக்குத் தாங்க முடியாத குஷி.

வியாழக்கிழமை பத்து மணி. வேலை செய்கிறவர்களெல்லாம் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு மெஷின் பக்கம் கூடிவிட்டார்கள். மேனேஜர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் ஒரு வழுக்கைத் தலை சிரித்தது. அது மடமடவென்று பேசிய பேச்சில் அக்காவுக்கு எல்லாமே இரைச்சலாகக் கேட்டது. திடீரென்று, இரைச்சலுக்கு நடுவே தெள்ளத் தெளிவாக, "ஸ்லாக்கன்!"

அட, நம்ம ஆளு! பாய்ந்துபோய் உருளைகளுக்கிடையே விறைத்து நின்ற தாளைத் தொய்ய விட்டாள். "குட்!" என்றது வழுக்கைத் தலை. அடுத்து "ரிலீஸ்" என்று காதில் விழுந்த மறுநொடி, காற்று வால்வைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்று போன சத்தம் கைதட்டல் மாதிரி கேட்டது. இப்போது அவளுக்கு எஞ்சினியரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பிறகு அவர் தாள் உருளையின் பிரேக்கைக் காட்டச் சொன்னார். உருளை கண்டபடி ஓடாமல் இழுத்துப் பிடிப்பது அந்த பிரேக். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது அதன் பின்னாலிருக்கும் ஒரே ஒரு நட்டின் கையில். மேனேஜர் செல்போனை உள்ளே நுழைத்தார். அக்காவும் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தாள்.

நட்டைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், நீலம், மறுபடி சிவப்பு என்று பெயிண்ட் கோடுகள், குழந்தைகளின் காற்றாடி போல.

நட்டை முடுக்கியதும் நட்டும் தகடும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு போடுவது அங்கே வழக்கம். நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று ஷிப்டுக்கு மூன்று நிறம். ஷிப்ட் ஏறியதும் முதல் வேலை எல்லா நட்டையும் ஸ்பானர் வைத்துத் தொட்டுப் பார்ப்பது. தொட்டுப் பார்ப்பது என்றால் யாருக்குமே சும்மா தொட்டு வரத் தெரியாது; கை திருப்திக்கு நூலளவு தள்ளிவிட்டு, தன் நிறத்தில் புதுக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு மாதம், ஒரு நாளைக்கு மூன்று பேர். பிரேக் கழுத்தைப் பிடிக்கிற பிடியில் தாள் அறாமல் என்ன செய்யும்?

இந்தத் தொட்டுப் பார்க்கிற வழக்கத்தைக் கொண்டுவந்ததே அக்காதான். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் கோடு சிவப்பு. சிவப்பு அவளுடைய ஷிப்ட்.

எஞ்சினியர் அந்தக் கோடுகளைக் காட்டி என்னவோ கேட்டார். மேனேஜர் அவள் காதருகே குனிந்தார். "மெஷின்லதான் கோளாறுன்னு சொல்லிடுங்கக்கா. திருப்பி அனுப்ப லெட்டர்கூட ரெடி."

சொல்லிவிடலாம்தான். நாற்காலி நாலடி தூரத்தில் இருந்தது. ஆனால் அந்தச் சிவப்புக் கோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சொல்வாள்? மனப்பாடம் செய்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தப்பை ஒப்புக்கொள்ள உதவவில்லை. கையில் இருந்ததை வைத்துப் பேசினாள்.

"மெஷின் குட். எவ்ரி ஷிப்ட் டைட், டைட், டைட்." கட்டை விரலால் தன் நெஞ்சைக் குத்திக்கொண்டாள். "ஃபர்ஸ்ட் டைட், மீ."

மேனேஜரின் முகம் செத்துப்போயிற்று. திரையில் எஞ்சினியர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "தாங்க் யூ!" என்றார். "லூசன். த்ரீ டர்ன்ஸ்."

மூன்று சுற்று! ஆறு அரைச்சுற்று! அதுவும் எதிர்ப்பக்கமாக! இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம் மணிக்கட்டிலேயே முரண்டு பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். "நவ் ஈஸ் இட்... ஈஸ் இட்..." கடைசிச் சுற்றைத் துளித் துளியாக விட்டாள். மெஷின் ஓடியது. தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு மணி நேரம் ஆகியும் அறுபடவில்லை. கூடியிருந்தவர்கள் போட்ட விசில் சத்தத்தில் மெஷின் சத்தமே அமுங்கிப்போனது.

மேனேஜர் லெட்டரை நாலாகக் கிழித்தார். "மெஷின்மேல பழியைப் போடுற ஆளு எனக்கு எத்தனையோ பேர் கிடைப்பாங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தானே இழுத்து வந்து போட்டார். அக்கா அதில் உட்கார்ந்து போட்ட முதல் உத்தரவு: இனிமேல் செக்கிங் கண்ணால் மட்டும், கோடு விலகாத நட்டில் ஸ்பானர் படக் கூடாது.

அன்று மாலை, மகள் சரியாக ஆறு மணிக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாள். பாதி ஆட்டத்தில் கிளம்பி வந்த வியர்வை முகத்தில் இருந்தது. "என்னாச்சும்மா? கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நாலு வார்த்தையும் வந்துச்சுடி! நாலும்!" அக்கா மகளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அடுப்புக்கு மேலிருந்த அட்டையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "ரிலாக்ஸ் தி சிக்ஸ் ஓ கிளாக் ரூல்."

மகள் மலைத்துப்போய் நின்றாள். "எவ்ளோம்மா?"

அக்கா சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைக் காட்டினாள். "அரைச் சுத்து."

மகள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஆறரை! முழு ஆட்டமும் ஆடிவிட்டு வரலாம்! அந்தக் கூச்சலைக் கேட்டு உள்ளேயிருந்து ஓடி வந்த கணவர், விஷயம் விளங்கியதும் வந்த வழியே திரும்பி ஓடினார். வெளியே வந்தபோது அவர் கையில் சர்க்கரை டப்பா இருந்தது.

"அப்படியே இதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடேன்," என்றார்.