பெரிய பிக்கப்புக்குக் கராஜ் தேடியது

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ஸ்டியரிங்கில் அப்பா, நடுவில் மாத்தளையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த பாரூக் நானா, சன்னலோரத்தில் நாவுல ஊரில் அத்தை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பதினொரு வயது நான். ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற மாதிரி ஒரு வாடை முதலில் என் மூக்கில்தான் ஏறியது; சொன்னால் திட்டுவார்களோ என்று இரண்டு வளைவு வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் அப்பா மிதித்த பிரேக் தரையைப் போய்த் தொட்டது, வண்டி மட்டும் நிற்கவில்லை. கியரை இறக்கி, ஓரத்து மண்மேட்டில் உரசி ஒருவழியாக நிறுத்தியபோது பின்னால் இருந்த கத்தரிக்காய் மூட்டைகளில் பாதி ரோட்டில் கிடந்தன.

அது எல்லாரும் வைத்திருக்கிற பிக்கப் அல்ல. அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போனதை, அம்மாவின் நகைகளில் தாலியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். கரும்பச்சை நிறம், லொறி அகலம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டவர் இதை யார் திருத்துவார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டார். டவுனில் ஜப்பான் வண்டி திருத்துகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் இதன் பின்சக்கரத்தைக் கழற்றுகிற அளவுக்குப் பெரிய ஸ்பேனர் சாவி அவர்களிடம் இல்லை, கழற்றினாலும் அந்த பிரேக் ட்ரம் அவர்களுடைய லேத் கடைசல் மெஷினில் அடங்காது. பிரேக் இல்லாத வண்டியில் பாரம் ஏற்ற முடியாது, பாரம் ஏற்றாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் கடைசி அது, நாடு முழுக்கக் கிளர்ச்சிக்காரர்களைத் தேடிய காலம். நம்பர் பிளேட் இல்லாத பெரிய வண்டிகள் பட்டப்பகலில் வந்து, வாலிப வயதில் இருக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். போனவர்களைப் பற்றிப் பிறகு யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். எங்கள் வண்டிக்கு நம்பர் இருந்ததுதான், ஆனால் தூரத்தில் வருகிறபோது யார் நின்று நம்பர் பார்க்கப்போகிறார்கள்? வெறும் வண்டியாக, பிரேக் எண்ணெயை ஊற்றி ஊற்றிக் கலேவெல வரைக்கும் போய்ப் பார்த்தோம். கராஜ் திறந்திருக்கும், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், ஒரு காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதை நானே கண்ணால் பார்ப்பேன். நாங்கள் இறங்கிப் போவதற்குள் அங்கே கால்களும் இருக்காது, ஆளும் இருக்காது. மேசையில் பிளேன்டீ ஆவி பறக்கும். பின்பக்கத்து வாழைகளில் ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அப்பா "மாத்தயா, மாத்தயா" என்று சிங்கள மரியாதையோடு கூப்பிட்டுக் களைத்து வருவார்.

"இந்த வண்டியில மாப்பிள்ள ஊர்வலம் போனா, பொண்ணு வீட்டாக்கள் எல்லாம் காட்டுக்குள்ள பாஞ்சிருவாங்க அண்ணே," என்று பாரூக் நானா சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, "பிள்ளைய முன்னுக்கு வச்சுக்கங்க. பிள்ளையோட வாரவன் ஆள் புடிக்க வரமாட்டான்னு வெளங்கும்," என்றார். பள்ளிக்கூடமும் அப்போது பாதிநாள் மூடியே கிடந்தது. அப்படி நின்ற படிப்புக்கு நான் திரும்பிப் போகவே இல்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து 'பெக்டரி'யில் பெரிய லேத் இருப்பதாகவும், சவரிமுத்து என்கிற 'பிட்டர்' மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவேலை செய்து கொடுப்பதாகவும் நானாதான் விசாரித்துச் சொன்னார். முதல்முறை நாங்கள் ஏறிப்போனபோது தொழிலாளர் லயத்து வாசல்களில் யாருமே இல்லை. அடுப்புகள் புகைந்தன. எங்கோ ஒரு கைக்குழந்தை அழுதது, உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல நின்றது. அப்பா சொல்லிக் கொடுத்தபடி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மரக்கறி வண்டி! மரக்கறி வண்டி!" என்று கத்தினேன். கொஞ்சநேரம் கழித்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து கழிவுப்பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே ஒருவர் எழுந்து வந்தார்.

"ஒன் சத்தம் கேட்டிச்சு பாப்பா, இல்லேன்னா இந்நேரம் ஆத்தத் தாண்டியிருப்பேன்," என்றார் சவரிமுத்து. வண்டியைச் சுற்றிவந்து அப்பாவிடம், "என்னாண்ணே, யானைய வாங்கிட்டு கோழி வைத்தியருகிட்டல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களா?" என்று கேட்டார். தேயிலை அரைக்கிற மெஷினுக்கு வைத்திருந்த சாவி எங்கள் சக்கரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு ஒரு பக்கம், அடுத்த ஞாயிறு மறுபக்கம் என்று பின்சக்கரங்கள் இரண்டையும் முடித்தார். சரிவில் பாரத்தோடு நிறுத்திப் பார்த்தோம், வண்டி அசையவில்லை. வரும்போதெல்லாம் அப்பா லயத்துப் பிள்ளைகளுக்குச் சோளக்கதிரும் வெள்ளரிப்பிஞ்சும் அள்ளிக்கொடுத்தார். இரண்டாம் வாரம் நான் கத்தவே வேண்டியிருக்கவில்லை. வளைவில் பச்சை நிறம் தெரிந்ததுமே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்து பின்பலகையில் தொங்கினார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு முன்சக்கரங்களுக்காகப் போனோம். யாரும் ஒளியவில்லை, யாரும் ஓடிவரவும் இல்லை. வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் வண்டியைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள். சவரிமுத்துவின் மனைவி மேரி அக்கா கிட்டே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வியாழக்கெழம மத்தியானம் இதே மாதிரி ஒன்னு வந்திச்சு. புள்ளைங்க மரக்கறி வண்டின்னு கத்திக்கிட்டு ஓடுச்சுங்க. இவரும் நீங்கன்னு நெனச்சுக்கிட்டு பெக்டரியிலேருந்து வெளிய வந்தாரு. கிட்டப் போனதுக்கப்புறந்தான் நின்னாரு. அதுக்கு மேல ஓட எடமில்ல. நம்பர் இருந்திச்சான்னு ஒருத்தரும் பாக்கலங்க."

மேரி அக்கா எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு அப்போதே தோன்றியது. விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்று மட்டும் வண்டிக்குப் பின்னால் வந்து, சோளத்துக்குக் கையை நீட்டியபடி நின்றது.

இப்போது தம்புள்ளை ரோட்டில் எத்தனை பெரிய பிக்கப் வந்தாலும் பொத்தானை அமுக்கித் தூக்கி நிறுத்துகிற கராஜ்கள் வந்துவிட்டன. அந்த பெக்டரியைப் பூட்டி, லேத்தைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வண்டியும் அப்படியே போனது. சவரிமுத்து கட்டிய பின்பிரேக் கடைசி நாள்வரை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால், எங்களைக் கண்டதும் அவர் ஆற்றைத் தாண்டி ஓடியிருப்பார், எங்கள் பிரேக்கும் செத்தே கிடந்திருக்கும், அவர் இருந்திருப்பார் என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் திரும்பி வரவில்லை. இரண்டு பின்சக்கரங்களுக்கும் கூலி எழுநூற்றைம்பது என்று பேசியிருந்தது. "முன்பக்கமும் முடியட்டும், சேத்து வாங்கிக்கிறேன்," என்று மறுத்தவரின் சட்டைப்பையில் அப்பா நானூறை வலுக்கட்டாயமாக வைத்திருந்தார். மூன்றாம் ஞாயிறு மீதியைக் கொடுக்க அப்பாவுக்குக் கை நீளவில்லை. அடுத்தமுறை கொண்டுபோனபோது மேரி அக்கா பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். வவுனியாப் பக்கம் என்றார் ஒருவர், இந்தியா என்றார் இன்னொருவர். அப்பா சாகும்வரை விசாரித்தார், அவருக்குப் பிறகு நான் விசாரிக்கிறேன். கொடுக்க வேண்டியது முந்நூற்றைம்பது ரூபாய்.