பத்து மணிக்கு ஆறு தலை

என் தங்கையை வீட்டில் சிலந்தி என்றுதான் கூப்பிடுவோம். பேர் வைத்தவர் என் வீட்டுக்காரர். சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, "அப்ப நாள் முழுக்க மூலையில உட்கார்ந்து வலை பின்னப் போறேன்னு சொல்லு" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பேரையே தொழிலுக்கும் வைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். பூச்சிமருந்து விற்கிறவன்தான் வந்து கதவைத் தட்டுவான் என்று சொல்லி நான் தடுத்தேன்.

அவள் ஆபீஸ் என் வீட்டின் பின்னறை. ஒரு மேசை, இரண்டு திரை, வருகிறவருக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டு. ஸ்டாண்டை நகர்த்த நான் சம்மதிக்கவில்லை. வெயில் வருவது அந்த ஜன்னலில் மட்டும்தான். ஆகையால் அவளிடம் வருகிற எந்த முதலாளியும் என் வீட்டுக்காரரின் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் தன் கடையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டும். கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சும்மா இருந்தவளை இழுத்துவிட்டாள்.

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் பொறுமைசாலிக்கும் எரிச்சல் வரும், எனக்கு வராமல் இருக்குமா? முதலில் அந்தக் கடைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். ஒரு மத்தியானம் முழுக்க உட்காருவாள். உள்ளே வருகிறவர்கள் வாயைத் திறந்து முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பாள். சைக்கிள் ரிப்பேர் கடையில் எல்லாரும் "இன்னிக்கே கிடைக்குமா?" என்றுதான் கேட்டார்கள். கண்ணாடிக்கடையில் "பழைய பிரேமுக்கே புது கண்ணாடி போடுவீங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் வெப்சைட்டில் முதல் வரியாக இருக்க வேண்டும், விரலால் தள்ளித் தேட வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

அடுத்தது, எந்த டூலில் செய்வது என்பது. அதற்கு அவள் கடைக்காரரின் கையைப் பார்ப்பாள். நாளைக்கு விடுமுறை என்று போட வேண்டுமானால் யார் போடுவார்கள், எதில் போடுவார்கள்? சைக்கிள்காரரிடம் இருந்தது விரிசல் விழுந்த ஒரு போன், கிரீஸ் படிந்த ஒரு கட்டைவிரல். அவருக்கு நூறு வசதி உள்ள பெரிய டூலைக் கொடுத்தால் நாய்க்குக் கிடைத்த தேங்காய் போல உருட்டிக்கொண்டிருப்பார் என்று, போனிலேயே மாற்றக்கூடிய சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒப்படைக்கிற அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கடை நேரத்தை அவரே மாற்றிக் காட்ட வேண்டும். தடுமாறினால், "தப்பு உங்க மேல இல்ல, நான் தப்பான டூலை எடுத்திருக்கேன்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இவள் உருப்படுவாளா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

கடைசியாகத்தான் தீம். தீம் என்றால் வெப்சைட்டுக்குத் தைத்து வைத்த ரெடிமேட் சட்டை, அவ்வளவுதான். எடுத்து நம் அளவுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதை விற்கிறவர்கள் அழகழகான டெமோ படங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். ஜனங்கள் அந்தப் படத்தில் மயங்கித் தீம் எடுப்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனவன், முன்னால் குடியிருந்தவரின் சோபா பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்த கதைதான். அதனால் சிலந்தி எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்களை வைத்துத்தான் யாருக்கும் காட்டுவாள். "என்னம்மா, சிமென்ட் சுவரைக் காட்டுற?" என்று கேட்காத ஆளில்லை. அவள் அசைய மாட்டாள்.

பார்லர் அக்காவிடம் மட்டும் அசைந்தாள்.

பார்லர் அக்கா பெரிய அழகுநிலையம் ஒன்றில் பல வருஷம் முடிவெட்டியவர். பேச்சு குறைவு, கை சுத்தம். சொந்தமாகக் கடை போடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது முதலாளியம்மா சிரித்தாராம். "உன் கைக்காகவா வர்றாங்க? என் போர்டுக்காக வர்றாங்க. வெளிய போய் உட்கார்ந்து பாரு, ஈ ஓட்டுவ." வாடிக்கையாளர் ஒருத்தர் நம்பரைக்கூட எடுத்துப் போகக் கூடாது என்று கண்டிப்பு வேறு. அக்கா சத்தியம் தவறாதவர், ஒரு நம்பரும் எடுக்கவில்லை. வேலையை விட்டு, இடம் தேடி, குழாய் போட்டு, கண்ணாடி மாட்டுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. மருந்துக்கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறை. உள்ளே ஒரே ஒரு நாற்காலி.

எங்கள் பின்னறையில், ஈரச் சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னார். "என்னைத் தேடி ஒருத்தராவது வருவாங்களான்னு தெரியலம்மா. அது ஒண்ணுதான் பயம்" என்றார். அந்த நேரம் பார்த்து சிலந்தியின் திரையில், சாம்பல் கட்டம் போடாத ஒரு தீம் திறந்து கிடந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கூடம், வெள்ளைத் திரைகள், வரிசையாக நாற்காலிகள், சிரித்துக்கொண்டு நிற்கிற ஆறு பெண்கள். அக்கா அதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு சிமென்ட் சுவரைக் காட்ட என் தங்கைக்கு மனசு வரவில்லை.

"இதையே போட்டுடலாமா?" என்றார் அக்கா.

"தீம் போட்டுடலாம்க்கா. படம் வேணாம். அது யாரோ வீட்டுக் கூடம், வந்து பார்க்கிறவங்க நம்மளைத்தான் திட்டுவாங்க. உங்க முகத்தைப் போடுவோம்."

"என் முகத்தை யாரு பார்ப்பாங்க?"

"தேடுறவங்க பார்ப்பாங்க."

அக்கா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார், இவள் விடமாட்டேன் என்றாள். கடைசியில் நான் போய்ப் படம் எடுத்தேன். கத்தரியைக் கையில் கொடுத்த பிறகுதான் அந்த மனுஷிக்கு முகத்தில் கலை வந்தது. அந்தப் படத்தை முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டாள். ஆறு பெண்களின் படங்களையும் 'எங்கள் குழு' என்ற பக்கத்தையும் நீக்கிவிட்டாள். தீமோடு வந்த புக்கிங் டூலைத் திறந்து, வாடிக்கையாளர் நேரம் குறித்துக்கொள்ள வசதி செய்தாள். திறப்பு நாள் முதல் நேரம் காலை பத்து மணி.

பத்து நாள் முன்பே வெப்சைட்டை வெளியிட்டோம். புக்கிங் வந்தால் போனில் தகவல் வரும் என்று சொல்லியிருந்ததால் அக்கா போனைக் கீழே வைக்கவே இல்லை. ஒரு தகவலும் வரவில்லை. தினமும் கூப்பிடுவார். இவளும் கேலண்டரில் அக்காவின் பேருக்குக் கீழே பார்ப்பாள், வெள்ளைவெளேரென்று இருக்கும். "வரும்க்கா, வரும்" என்பாள். போனை வைத்த பிறகு நகத்தைக் கடிப்பாள். திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டு, "பரவாயில்லம்மா, நீ வருத்தப்படாத" என்று இவளுக்கு ஆறுதல் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த முதலாளியம்மாவை நான் மனசுக்குள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் போனோம். யாருமே வராவிட்டால் நானே போய் உட்கார்ந்து என் முடியை வெட்டச் சொல்வது என்று முடிவு. தெருமுனை திரும்பினால், மாடிப்படிப் பக்கம் கூட்டம். மருந்துக்கடைக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் ஒரு பெண் போனைக் காட்டி, "எனக்கு பத்து மணிக்கு" என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரல், "எனக்கும் பத்துதான்." ஆறு பேர். ஆறு பேருக்கும் பத்து மணி.

சிலந்தி அங்கேயே படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, அந்த ஆறு பேரு" என்றாள் என்னிடம்.

"எந்த ஆறு பேரு?"

"டெமோ பொண்ணுங்க. படத்தை நீக்கினேன், பக்கத்தை நீக்கினேன். புக்கிங் கேலண்டருக்குள்ள ஆறும் வேலை பார்த்துக்கிட்டிருக்கு."

விஷயம் இதுதான். தீம் டெமோவோடு இறங்கியபோது அந்த ஆறு பொம்மைப் பணியாளர்களும் கேலண்டருக்குள் குடிவந்துவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவரையும் டூல் அந்த ஆறு பேருக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பட்டியலில் அக்கா ஏழாவது, அவர் முறை வரவே இல்லை. தகவல் எல்லாம் இல்லாத ஆட்களின் இல்லாத விலாசத்துக்குப் போயிருக்கிறது. சாம்பல் கட்டம் சாம்பல் கட்டம் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், ஒரே ஒரு தடவை படத்துக்கு இளகினாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இது குட்டிக்கரணம்.

உள்ளேயிருந்து அக்கா கதவைத் திறந்தார். வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அழப்போகிறாரா, கதவைச் சாத்தப்போகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சிலந்தி எழுந்து நின்றாள். "எல்லாரும் என்னை மன்னிக்கணும். வெப்சைட் செஞ்சது நான், தப்பு என்னோடது. அக்காவுக்கு இதைப் பத்தி எதுவும் தெரியாது. இங்க இருக்கிறது ஒரு நாற்காலிதான்" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். என் தங்கை என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, சொன்னால் என்ன.

"ஒரு நாற்காலிக்கு ஆறு பேரா? இது என்ன, பஸ்ஸா, முந்தி ஏறினவங்க உட்கார?" என்றார் கைப்பை வைத்திருந்த ஒரு பெண். "நான் பதினோரு மணிக்கு ஆபீஸ்ல இருக்கணும். இனிமே இந்தப் பக்கம் வந்தா கேளுங்க." விறுவிறுவென்று நடந்தார்.

அக்கா படியிறங்கி வந்து, "உங்களுக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. நான் காத்திருப்பேன்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பி, "யாரு முதல்ல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கத்தரியை எடுத்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. சிலந்தி படியில் உட்கார்ந்து, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் பதிவு செய்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வேறு நாளுக்கு மாற்றினாள். நான் எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து கொடுத்தேன், முடியைப் பெருக்கினேன், ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். காத்திருந்த நான்கு பேரும் மாடிப்படியிலேயே வரிசையாக உட்கார்ந்து மாமியார், மேனேஜர், முழங்கால்வலி என்று ஒன்றுவிடாமல் பேசித் தீர்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு ஸ்டூல் கொடுத்தார். முடி வெட்டிக்கொண்டு வந்த பெண் வீட்டுக்குப் போகாமல் திரும்பவும் படியில் உட்கார்ந்து கதையை விட்ட இடத்திலிருந்து கேட்டார். இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

அஞ்சு மணிக்கு அந்தக் கைப்பைப் பெண் வந்தார். சிலந்தி சட்டென்று மருந்துக்கடைக்குள் புகுந்துகொண்டாள். வந்தவர் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பவும் போல" என்றார். அக்காவும் எவ்வளவு என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டபோது அந்தப் பெண்ணின் கோபம் பாதி இறங்கியிருந்தது. மீதியை வெளியே என்னிடம் கொட்டிவிட்டுப் போனார்.

கடை காலியானதும் சிலந்தி உள்ளே வந்தாள். "அந்த ஆறு பேரையும் அழிச்சுட்டேன்க்கா. இனிமே கேலண்டர்ல நீங்க மட்டும்தான். முதல் நாளே உங்க மானத்தை வாங்கிட்டேன்" என்றாள்.

அக்கா அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். "இந்தக் காதோரம் யாரு வெட்டினா, நீயேவா?" என்று கேட்டுவிட்டுச் சீப்பை எடுத்தார். கொஞ்ச நேரம் வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, கையை நிறுத்தாமல் சொன்னார்.

"காலையில கதவைத் திறந்தப்ப எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? பழைய இடத்துலேருந்து ஆள் அனுப்பி வேடிக்கை பார்க்கிறாங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு தலையா பார்த்தேன். ஆறும் நான் வெட்டின தலைம்மா. ரெண்டு மாசமா காடா வளர்ந்து கிடக்கு, ஒண்ணுலயும் வேற ஒருத்தர் கத்தரி படல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, பெருக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். சிலந்தி தேம்ப ஆரம்பித்தாள். "அசையாத, காது போயிடும்" என்றார் பார்லர் அக்கா.