காப்பு என்று எழுதியவர்

வேலாயுதம் சார் 1996இல் இறந்தபோது, அவர் பிள்ளைகள் பத்திரிகையில் கொடுத்த அறிவிப்பில் ‘பொறியியலாளர், பிரிக்பீல்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக்கூட நம்பவில்லை. “லிஃப்ட் பார்க்க வருவாரே, அவரா?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். இன்னொருவர், “தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்ட மனுஷன்லா,” என்றார். எனக்குப் பதில் வாய் வரை வந்தது. சாவு வீடு என்று அடக்கிக்கொண்டேன். இப்போது அடக்குவதாக இல்லை.

நான் தனலெட்சுமி. பதினான்கு வருஷம் அவரிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அவர் அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்பது பேர் நெருக்கிப் படுத்த வீட்டிலிருந்து, உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்துக்குப் போய் அணு உலைப் பாதுகாப்பு படித்தார். அங்கேயே ஓர் அணுமின் நிலையத்தில் நாலு வருஷம் வேலை. நம் நாட்டிலும் ஒன்று வரப்போகிறது என்று அப்போது ஒரு பேச்சு அடிபட்டது. அதை நம்பி எழுபத்தொன்பதில் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பேச்சு பேச்சாகவே போயிற்று. மசாலா மில் ஒன்றின் மாடியில் ஒற்றை அறை பிடித்து, லிஃப்ட்டுக்கும் கொதிகலனுக்கும் சான்றிதழ் எழுதத் தொடங்கினார். அணுவைப் படித்தவர் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எண்பத்தெட்டில்தான் அந்த வேலை வந்தது. கிள்ளானில் ஒரு கம்பெனி; பெயர் வேண்டாம். ரப்பர் கையுறைகளைக் கதிர்வீச்சில் காட்டிக் கிருமி நீக்கும் இடம். இரண்டு மீட்டர் கனத்தில் சிமெண்டுச் சுவர் வைத்த அறை. உள்ளே ஆழமான தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குள் கதிரை வீசும் கோபால்ட் கம்பிகள்; தண்ணீருக்குள் இருக்கும்வரை கதிர் வெளியே வராது. வேலை நடக்கும்போது கம்பிகள் மேலே வரும், கையுறைப் பெட்டிகள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் கம்பிகள் தண்ணீருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதுவரை கதவு திறக்கக் கூடாது.

திறக்கிறது என்று ஆறு தொழிலாளிகள் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார்கள். முதல் கையெழுத்து சின்னையா. அலுவலகம் கம்பெனியைக் கூப்பிட்டு, உங்களோடு சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவரை வைத்து ஆய்வு செய்து அறிக்கை கொடுங்கள் என்றது. இதைப் படித்தவர்கள் நாட்டில் எத்தனை பேர்? சாருக்குக் கடிதம் வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியில் கிடந்த புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டினார்.

“தனம், கடைசில நான் படிச்சதுக்கு ஒரு வேல வந்துருச்சுலா,” என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

குறிப்பெடுக்க என்னையும் கிள்ளானுக்கு அழைத்துப் போனார். மேனேஜர் பாலன் எங்களை ஏர்கோன் அறையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, ஒரு ஃபைலைத் திறந்து காட்டினார். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் நெஞ்சில் ஒரு சின்ன அட்டை குத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் ஒரு பிலிம் துண்டு இருக்கும். மாதம் ஒரு முறை அதை எடுத்துக் கழுவிப் பார்த்தால் அந்த ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரியும். கடிதம் போட்ட ஆறு பேருக்கும் இரண்டு வருஷமாக ஒன்றுமே பதிவாகவில்லை.

“ஸீரோ சார். எல்லாம் ஸீரோ,” என்றார் பாலன். “நம்ம ஆளுங்கள ஒங்களுக்குத் தெரியாதா? வேல செய்ய ஒடம்பு வணங்கல. அதுக்கு ஒரு கதை.”

நம்ம ஆளுங்களாம். ஏர்கோன் அறைக்கு வந்துவிட்டால் இந்த வார்த்தை எப்படித்தான் இவர்கள் வாயில் இவ்வளவு லேசாக வருகிறதோ!

சார் எழுந்து அந்த அறைக் கதவுக்குப் போனார். கதவின் பூட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அறைக்குள் கதிர் இருக்கும்வரை கதவைப் பூட்டி வைக்கும் கருவி அதில் இருந்தது. கருவிக்குப் போக வேண்டிய மின்சாரம் கருவிக்குப் போகவில்லை. கட்டைவிரல் நீளத்தில் ஒரு துண்டு வயர் அதைத் தாண்டிப் போட்டிருந்தது. உள்ளே கதிர் இருந்தாலும் கதவு திறக்கும். ஒட்டியிருந்த கறுப்பு டேப்பின்மேல் தூசி. சார் அந்தத் தூசியை விரலால் தொட்டு என்னிடம் காட்டினார், பிறகு நாலு படம் எடுத்துக்கொண்டார். நேற்றுப் போட்ட வயரில் அவ்வளவு தூசி படியாது.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரு வழக்கம். முதலாளி சொல்வதைக் கேட்டு முடித்ததும், கூட்டிப் பெருக்குகிறவர்களையும் மூட்டை தூக்குகிறவர்களையும் தேடிப் போய்ப் பேசுவார். சின்னையாவைச் சாப்பாட்டுக் கொட்டகையின் பின்னால் பார்த்தோம். ஜெஞ்சாரோம்காரன். இருபத்தேழு வயது, என் கடைசித் தம்பியின் வயது. வலது கையைத் துணியால் சுற்றியிருந்தான். அவிழ்த்துக் காட்டினான். இரண்டு விரல்களில் தோல் உரிந்து சதை சிவந்து கிடந்தது. கையுறைப் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கம்பெனி டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார்.

“பொட்டி ஒரு ஷிப்ட்டுக்கு நாலு தடவ சிக்கிக்கும் சார். கம்பி முழுசா எறங்குற வரைக்கும் நின்னா சத்தம் போடுவாங்க. ஓடிப் போயி எடுத்து விட்டுட்டு ஓடியாந்துருவோம்.”

“அப்படின்னா ஒன் அட்டையில தெரியணுமே தம்பி. அட்ட எங்க?”

அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“வீட்ல இருக்கு சார். வீட்டுக்காரி மாசமா இருக்கா. ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. நான்தானே இந்தக் கதிர சட்டையில ஒட்டிக் கொண்டு போறேன்? எனக்கு ஆனது ஆவட்டும்னு ரெண்டு வருஷமா காப்ப அவளுக்குத்தான் குத்தி விடுறேன். மாசக் கடைசில பிலிம் மாத்தறப்ப மட்டும் கொண்டாருவேன்.”

“காப்பா?”

“ஆமா சார். காப்புக் கட்டிக்கிட்டுத்தானே தீ மிதிக்கிறோம்? சுடுதா? அந்த மாதிரி இது கதிருக்கு. போர்ட்லயே போட்டிருக்கே.”

மற்ற ஐந்து பேரையும் கேட்டோம். ஒருவருடைய அட்டை தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாலு பேருடையது சாமி படத்தில் மாட்டியிருந்தது. அந்த அட்டை எதையும் தடுக்காது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பட்டதைக் குறித்து வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கதிர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராது என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பும்போது சார் அந்தக் கதவுக்கு மேலே இருந்த போர்டைப் பார்க்கப் போனார். ஆங்கிலம், மலாய், கடைசியில் தமிழ். ‘கதிர்க் காப்பு அட்டை அணியாமல் உள்ளே செல்லாதீர்.’ அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். எழுத்துப்பிழை பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

கார் கிள்ளான் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அது என் தமிழ், தனம்.”

எண்பத்திரண்டில், நான் அவரிடம் சேர்வதற்கு முன், வேலையில்லாத ஒரு மாதத்தில், மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு அவர் எச்சரிக்கை வாசகங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கே மாட்டுவார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் வெறும் பிலிம் பேட்ஜ் என்றுதான் இருந்ததாம். அப்படியே எழுதியிருக்கலாம். நல்ல தமிழில் இருக்கட்டும் என்று இரண்டு நாள் யோசித்து அந்தப் பெயரை வைத்தாராம்.

“வெச்சதும் அவ்வளவு பெருமையா இருந்துச்சு,” என்றார்.

அறிக்கை பதினோரு பத்தி. கதவு, வயர், தூசி, விரல்கள், எல்லாம் எழுதினார். ஒன்பதாவது பத்தியில், ஆறு பேரின் அட்டையில் ஏன் ஒன்றும் பதிவாகவில்லை என்பதையும், அந்தப் பெயர் எப்படி வந்தது, அதை வைத்தது யார் என்பதையும் எழுதினார். நான் டைப் மெஷினைவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

“சார், இத விட்டுருங்க. ஒங்களையே ஒங்க கையால மாட்டி விடுறீங்க.”

“விட்டா, ஸீரோ எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அட்டைய ஒழுங்கா போடலன்னு மட்டும் எழுதுனா பழி அவன் தலையில விழும்.”

“ஒங்க பேரையாவது எடுத்துருங்க. யாருக்கு சார் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்லா. அடி.”

அடித்தேன். பத்து நாளில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பாலன் அன்றைக்கும் பிஸ்கட் வைத்தார். ஒன்பதாவது பத்தியின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருந்தது.

“சார், இந்தப் போர்டு நீங்க எழுதுனது. நீங்களே வந்து அது தப்புன்னு ரிப்போர்ட் குடுக்கிறீங்க. சம்பந்தமில்லாத ஆள்தானே கேட்டாங்க? அப்ப நீங்க எப்படி சார் இண்டிபெண்டன்ட்?”

“கதவுல இருக்கிற வயருக்கும் என் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் சார்.

“அத நான் சொல்ல முடியாது சார். லாயர் சொல்றாரு.”

லைசென்ஸ் அலுவலகமும் அதையே சொல்லிவிட்டது. ஆய்வாளருக்கு விஷயத்தில் தொடர்பு இருப்பதால் அறிக்கை ஏற்கப்படவில்லை என்று இரண்டு வரி. வேறு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் அரை நாள் வந்தார். கதவுக்கு அவ்வப்போது பராமரிப்பு தேவை என்று எழுதினார். தொழிலாளர்களுக்குக் கதிர் பட்டதாகப் பதிவு இல்லை என்று எழுதினார். அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு ஆட்களுக்கு மாட்டியது பெரிய விதிமீறல் என்றும் எழுதினார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் ஒன்பதாவது பத்தியிலிருந்துதான். செல்லாது என்று தள்ளிய அறிக்கையில் அந்த ஒரு பத்தி மட்டும் செல்லுபடியாகிவிட்டது. ஐந்து பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். முதல் கையெழுத்துப் போட்டவனுக்கு வேலை போனது.

சார் விடவில்லை. கதவின் படங்களை வைத்து அலுவலகத்துக்கு ஏழு கடிதம் எழுதினார், ஏழையும் நான்தான் அடித்தேன். பதில் வரவில்லை. இனிமேல் எந்த ஆய்வுக்கும் அவரைக் கூப்பிடக் கூடாது என்று மட்டும் எல்லாருக்கும் எப்படியோ தெரிந்துபோயிற்று. லிஃப்ட் வேலைகூடக் குறைந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் நேரம், கீழே மில் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னையா படியேறி வந்தான். வலது கையில் பெரிய கட்டு. இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

“சார், ஒரு சூராட் எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல. மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி குடுத்தா திருப்பி எடுத்துக்குவேன்னு பாலன் சொல்லியிருக்காரு.”

“திருப்பி எந்த வேலைக்கு?”

“அதே வேலதான் சார். வேற ஆளு யாரும் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேங்கிறாங்க.”

“அந்தக் கதவு அப்படியே கெடக்குடா!” சார் கத்தினார். அவர் கத்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை. “மீதி விரலும் போவும். நீயே போயிருவ. நான் எழுத மாட்டேன்.”

சின்னையா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினான். “பிள்ளை பொறக்க இன்னும் மூணு வாரம் சார். இந்தக் கையோட வேற எவன் சேத்துக்குவான்? நீங்க உண்மைய எழுதுனீங்க, எனக்கு வேல போச்சு. ஒரு பொய்யாச்சும் எழுதிக் குடுங்களேன்.”

சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “தனம், பேப்பர் போடு,” என்றார். சின்னையாவே எழுதுவதுபோல் அவர் திரும்பாமலேயே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அட்டையின் பயனை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். யாரும் என்னைத் தவறாக வழிநடத்தவில்லை. கதவைப் பற்றி எழுதியது அறியாமையால். அதற்கு அடுத்த வரி வர நேரமாயிற்று. தவறு முழுவதும் என்னுடையது. எனக்குக் கண் மறைத்து இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது. வேறு தாளில் அடித்தேன்.

“என்ன சார் எழுதியிருக்கு?” என்று சின்னையா கேட்டான்.

“தப்பு முழுக்க என்னுதுன்னு எழுதியிருக்கு,” என்றார் சார்.

சின்னையா தலையாட்டினான். வலது கையால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் மைப்பெட்டியை நீட்ட, இடது கைப் பெருவிரலை ஒற்றினான். கம்பெனிக்கு அந்தக் கடிதத்தில் சந்தேகம் எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கு அவனை வரச் சொல்லிவிட்டார்கள். அவன் போனான்.