அப்பா அடைத்த வாசல்

எங்கள் வீட்டுக்கு முன்வாசல் இல்லை என்பதைப் பதினொரு வயதுவரை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற வீடு அது. வீதியிலிருந்து பார்த்தால் பருத்த தூண்கள் தெரியும்; நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாக நுழையக்கூடிய உயரத்தில் ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் கதவு இருக்கவேண்டிய இடத்தில் சீமெந்துக் கல் அடுக்கிப் பூசி, படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் பூசிய ஒரு சுவர். நாங்கள் பக்கத்து ஒழுங்கையால் போய்க் குசினி வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறுவோம். வருகிறவர்களும் அப்படித்தான். வீடு மந்திரிக்க வந்த பங்குச்சுவாமிகூடத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், சின்னம்மா என்று நாலு பேர் இருந்தோம். அப்பா படகு எஞ்சின் திருத்துகிற பட்டறையில் வேலை செய்தார். சின்னம்மா அப்பாவின் தம்பியுடைய மனைவி. விடிய எழும்பி இடியப்பம் அவித்துப் பஸ் நிலையத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். சித்தப்பா வெளிநாட்டில் இருப்பதாக நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. எங்கள் வகுப்பில் வீட்டில் இல்லாத சித்தப்பாமார் எல்லோரும் வெளிநாட்டில்தான் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நிலாவெளி ஹோட்டல்களிலிருந்து வான்களில் வெள்ளைக்காரர்கள் வந்து கோட்டையையும் கோயிலையும் வீதியில் திரிகிற மான்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். பிறகு, பழைய வீடுகளும் பார்க்கத்தக்கவைதான் என்று எங்கோ யாரோ முடிவெடுத்திருக்கவேண்டும். ஒரு நாள் கொழும்பிலிருந்து கட்டடக்கலை படித்த ஓர் அக்கா வந்து இறங்கினார். நாங்கள் ஈரத் துணி காயப்போடுகிற தூணை, பசுமாட்டைத் தடவுவதுபோல உள்ளங்கையால் தடவினார்.

“தங்கச்சி, உங்கட வீடு எவ்வளவு பழசு எண்டு தெரியுமா? டச்சுக்காரன்ர காலத்து வீடு இது.”

அதுவரை பழசு என்பது எனக்கு வாய்விட்டுச் சொல்லமுடியாத சங்கதி. லிங்கநகரில் புதுவீடு கட்டியவர்களின் பிள்ளைகள் தங்கள் வீட்டு மாபிள் தரையைப் பற்றிக் கதைக்கும்போது நான் வேறு கதை எடுப்பேன். மழை பெய்தால் எங்கள் வீட்டில் சட்டியும் வாளியும் அறை அறையாக நடக்கும். அந்த ஒழுகல் வீடு, கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கிற வீடு என்பதை அந்த அக்கா வாயால் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வளர்த்தி கூடியதுபோல இருந்தது. அடுத்த முறை அவர் பல்கலைக்கழக மாணவர்களோடு வரப்போவதாகச் சொன்னதும், வகுப்பில் இரண்டு சிநேகிதிகளை அழைத்தேன். அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மாணவர்கள் வளைவின் முன்னால் கூடி நின்றார்கள். அக்கா விளக்கம் சொன்னார். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர் மூச்சுவிடவேண்டுமாம். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, கல்லையே தின்றுவிடுமாம். எல்லோரும் எங்கள் நீலச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றுதான் நானும் அதை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அப்பா மேசன் அல்ல. சீமெந்தைக் கையாலேயே அள்ளி அப்பியிருந்தார். சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. ஓரங்களில் விரல் தடங்கள். ஒரு மாணவன் அந்தத் தடங்களுக்குள் தன் விரல்களை வைத்துப் பார்த்துச் சிரித்தான்.

அப்பா அப்போதுதான் வேலையால் வந்து, எண்ணெய்க் கையோடு ஓரமாக நின்றார்.

“ஆரண்ணை இதைக் கட்டினது?” என்று அக்கா கேட்டார்.

“நான்தான் பிள்ளை.”

“ஏன் இப்பிடி அடைச்சனீங்கள்?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, “ரோட்டுத் தூசி. பிள்ளைக்கு முட்டு வருத்தம்,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பிறந்ததிலிருந்து மூச்சிழுப்போ முட்டோ வந்ததில்லை. பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் ஓடுகிறவள் நான். சிநேகிதி ஒருத்தி, உனக்கு முட்டோ என்று காதுக்குள் கேட்டாள். நான் இல்லையென்றும் சொல்லமுடியாமல் ஆமென்றும் சொல்லமுடியாமல் ஒரு தரம் இருமினேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பழைய கதவுகள் எங்கே என்று அக்கா கேட்டார். அப்பா பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கொட்டிலுக்குள் அந்த இரண்டு பெரிய கதவுகளையும் கல்லடுக்கி அதன்மேல் படுக்கப்போட்டிருந்தது. சின்னம்மாவின் இடியப்பத் தட்டுகளும் மாச் சட்டியும் அதன்மேல்தான். அக்கா அரிசிமாவைக் கையால் ஒதுக்கினார். அடியில், கொடியும் பூவுமாகச் செதுக்கிய மரம் தெரிந்தது. அவர் சின்னம்மா பக்கம் திரும்பினார்.

“இதுக்கு மேலயோ மாக் குழைக்கிறீங்கள்?”

“ஓம்,” என்றார் சின்னம்மா. “நல்ல பலகை.”

மாணவர்கள் சிரித்தார்கள். என் சிநேகிதிகளும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுகூட விளங்காத மனிதர் எனக்கு அப்பாவாக வாய்த்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு அக்கா ஒரு யோசனையோடு வந்தார். வீட்டின் முன்பக்கத்தைப் பழையபடி ஆக்கித் தருவார்களாம். கூரையைப் பிரித்து ஓடு மாற்றுவார்களாம். எங்களுக்கு ஒரு செலவும் இல்லை. நீலச் சுவரை உடைத்துக் கதவை அதன் இடத்தில் மாட்ட அப்பா சம்மதிக்கவேண்டும், அவ்வளவுதான். அப்பா ஏலாது என்றுவிட்டார். கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்றார். அக்கா பலமுறை வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு முறையும் அப்பா தேத்தண்ணி கொடுத்து, தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஏலாது என்றே சொல்லி அனுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் இருமல் என்று எனக்கொரு பட்டம் வந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது வெடித்துவிட்டேன்.

“உங்களால எனக்கு வெளியில தலை காட்ட ஏலாமக் கிடக்கு. படிச்ச ஆக்கள் சொல்லியும் உங்களுக்கு ஏன் விளங்குதில்லை?”

அப்பா சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளேயே கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனார். அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் துலாக்கயிற்றைப் பிடித்தபடி, சின்னம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“அந்த வாசலால வந்துதான் உன்ர சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். நீ அப்ப தவழுற பிள்ளை.”

சின்னம்மா அன்றைக்கே அந்த வாசற்படியில் குந்தினாராம். பிறகு எழும்பவே இல்லையாம். சாப்பாடு அங்கேதான், படுக்கை அங்கேதான். வீதியில் எந்த வாகனம் மெதுவாக வந்தாலும் எழுந்து நிற்பாராம். மழை அடித்தாலும் உள்ளே வரமாட்டாராம். கேட்காத இடமில்லை, போகாத முகாமில்லை; திரும்பி வந்து மறுபடியும் அதே படி. ஒரு வருடத்துக்கு மேல் பார்த்துப் பொறுத்துவிட்டு, அவர் கோயிலுக்குப் போன ஒரு காலையில் அப்பா தனியாளாகக் கல்லைச் சுமந்துவந்து வாசலை அடைத்தாராம்.

“அடைச்ச பிறகுதான் அவ குசினிக்குள்ள வந்தவ. சோறு திண்டவ,” என்றார் அம்மா.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சித்தப்பா நான் காணாத மனிதர். சிநேகிதிகள் சிரித்ததை நான் என் கண்ணால் கண்டிருந்தேன். “அது கனகாலம்தானே அம்மா. இப்ப திறக்கலாம்தானே?” என்று கேட்டேன். அம்மா தண்ணீர் அள்ளத் தொடங்கினார்.

சம்மதம் சின்னம்மாவிடமிருந்துதான் வந்தது. நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டதோ என்னவோ. அடுத்த நாள் காலை, இடியப்பம் பிழிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“திறக்கட்டும் அத்தான். கூரை ஒழுகிப் பிள்ளையின்ர புத்தகமெல்லாம் நனையுது.”

அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ஏலுமோ?”

“எனக்கு ஒண்டுமில்லை.”

சின்னம்மா என் புத்தகங்களில் இவ்வளவு அக்கறையாக இருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சுவரை உடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டறை பூட்டியிருக்கும் நாள். அப்பா அன்றும் வேலை இருக்கிறதென்று போய்விட்டார். மேசன்மார் சுத்தியலால் அடிக்க அடிக்க நீலச் சுவர் துண்டு துண்டாகக் கொட்டியது. தூசி அடங்கியதும் கடலின் வெளிச்சம் நடுக்கூடத்தைத் தாண்டிப் பின்சுவரில் இருந்த மாதா படம் வரை விழுந்தது. எங்கள் வீட்டின் சுவர்கள் வெள்ளை நிறம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பற்றிஸும் கேக்கும் வந்தன. பிறகு மெருகேற்றிய கதவுகளை மாட்டினார்கள். நான் என் சிநேகிதிகளை வைத்துக்கொண்டு அந்த வாசலால் தேவையில்லாமல் உள்ளேயும் வெளியேயும் போய்வந்தேன். அப்பா பின்னேரம் வந்தார். ஒழுங்கையால் போய்க் குசினி வழியாகத்தான் ஏறினார்.

அடுத்த நாள் இடியப்ப வேலை முடிந்ததும் சின்னம்மா குளித்து, நல்ல சீலை உடுத்து, ஒரு கதிரையைக் கொண்டுபோய் வளைவின் கீழே போட்டு அதில் இருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. கடலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு அழகான கடலை யார்தான் பார்க்கமாட்டார்கள்?

வான்கள் எங்கள் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கின. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஹோட்டல் வழிகாட்டி, வெள்ளைக்காரர்களை இறக்கி இங்கிலிசில் கதை சொல்வார். எனக்கு அந்த இங்கிலிஸ் விளங்கியதில் பெருமை. தொடக்கத்தில் தூணின் அளவையும் சுவரின் தடிப்பையும்தான் சொன்னார். சின்னம்மா அங்கே இருப்பதைப் பார்த்தபிறகு கதை வளர்ந்தது. ஒரு டச்சுக் கப்பற்தலைவன் இந்த வீட்டைக் கட்டினானாம். கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லையாம். அவன் மனைவி சாகும்வரை இதே வாசலில் காத்திருந்தாளாம். இதைச் சொல்லி முடிக்கும்போது நாடியை உயர்த்திச் சின்னம்மாவைக் காட்டுவார். வந்தவர்கள் ஆழமாக மூச்சுவிட்டுக் கமராவை உயர்த்துவார்கள்.

சின்னம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாது. வான் மெதுவாக வரும்போதெல்லாம் கதிரையைவிட்டு எழும்புவார். இறங்குகிறவர்கள் தங்களை வரவேற்கத்தான் எழும்புகிறார் என்று நினைத்துக் கைகூப்பி வணக்கம் சொல்வார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப இருப்பார்.

கொஞ்ச நாளில் ஹோட்டல் ஒன்றின் விளம்பரப் புத்தகத்தில் எங்கள் வாசல் வந்தது. கதவு, வளைவு, நடுவில் சின்னம்மா. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் என்னை இருமல் என்று கூப்பிடவில்லை.

ஒருநாள் எஞ்சின் சாமான் வந்து சேராததால் அப்பா நேரத்தோடு வந்துவிட்டார். வீதியில் வான் நின்றது. கூட்டத்தின் பின்னால் நின்று வழிகாட்டி சொன்ன கதை முழுவதையும் கேட்டார். பட்டறைக்கு வருகிற வெளிநாட்டுப் பாய்மரப் படகுக்காரரோடு பழகி அவருக்கு இங்கிலிஸ் நன்றாகவே விளங்கும். அது எனக்குத் தெரியாது. பிறகு உள்ளே போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து பட்டறையில் மத்தியானத்தோடு வேலையை நிறுத்திக்கொண்டார். வான்கள் வருகிற பின்னேரங்களில் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து சின்னம்மாவுக்கு முன்னால், சற்றுத் தள்ளி, வீதிப்பக்கமாகப் போட்டு அதில் இருந்தார். இடுப்பில் கட்டியிருந்தது பட்டறைச் சாரம். மேலில் ஒன்றுமில்லை.

வழிகாட்டி என்னைத் தனியே கூப்பிட்டு, அப்பாவைக் கொஞ்ச நேரம் உள்ளே போகச் சொல்லச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. அவ்வளவு பேருக்கு முன்னால், அந்த அழகான கதவுக்கு முன்னால், இந்த மனிதர் இப்படி இருக்கிறாரே. போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

“அப்பா, கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோவன். அவை படம் எடுக்கோணுமாம்.”

“எதை?”

“கதவை.”

“கதவு அங்காலதானே இருக்கு. எடுக்கச் சொல்லு. நான் கதவை மறைக்கேல்லை.”

உண்மைதான். அவருக்கு இரண்டு பக்கமும் கதவுகள் முழுதாகத் தெரிந்தன. மேலே வளைவும் தெரிந்தது. தூண்கள் எல்லாம் தெரிந்தன. வெள்ளைக்காரர்கள் கமராவைத் தூக்குவதும் இறக்குவதுமாகத் தடுமாறினார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிசில், அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் எதை மறைத்துக்கொண்டு இருந்தார் என்று ஓர் அடி தள்ளி நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்த்ததோ அவர் சாரத்தில் இருந்த எண்ணெய்க் கறையை.