சத்தம் போடாத மெஷினும் இரண்டு மச்சான்மாரும்

மெஷின் அறைக்கு என்னை மாற்றிய முதல் நாளே டாக்டர் என் வாய்க்குப் பூட்டுப் போட்டார்.

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம் அது. குழித்துறைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எங்கள் டாக்டர் ஜெர்மனியில் படித்துவிட்டு ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷினோடு திரும்பியிருந்தார். ரேடியோப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் ஒரு கைப்பிடி. பெயரில்தான் சவுண்ட், காதுக்கு ஒன்றும் கேட்காது.

“எலும்ப உண்டாக்குற செல்லு இருக்குல்லா, அது கொத்தனாரு மாதிரி. சில நேரம் வேலைய விட்டுட்டு சும்மா இருந்துக்கிடும். இந்த அலை போய்த் தட்டினா எந்திரிச்சு வேலை பாக்கும். பாக்கும்னு நெனைக்கேன்” என்றார் டாக்டர்.

அந்த ‘நெனைக்கேன்’தான் அவரைத் தூங்கவிடவில்லை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு முறிந்த கால்கள் வேண்டியிருந்தன.

வார்டிலேயே இருந்தன. செல்லையன் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர். தாசன் அவர் தங்கையின் புருஷன், அவரும் பனையேறிதான். மச்சான் எப்படி விழுந்தார் என்று ஊராருக்குக் காட்டுவதற்காக மரத்தில் ஏறி, தத்ரூபமாகக் காட்டிவிட்டார். இருவருக்கும் இடது கால், ஒரே இடம். மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டும் எலும்பு கூடவில்லை. கூடாவிட்டால் பனையேற முடியாது, வீட்டில் அடுப்பு எரியாது.

டாக்டரின் திட்டம் இதுதான். இருவர் மாவுக்கட்டிலும் ஜன்னல் வெட்டி, எண்ணெய் தடவி, தினமும் கைப்பிடியால் நான் தேய்க்க வேண்டும். வலப்பக்கக் கட்டிலில் செல்லையனுக்கு மெஷின் ஓடும். இடப்பக்கம் தாசனுக்கு ஓடாது. இந்த ரகசியம் அவர்களுக்குத் தெரியக்கூடாது.

“மேரி, நீ மிண்டப்பிடாது. ஒனக்க மொகத்தப் பாத்தாலே அவனுவளுக்கு எல்லாம் வெளங்கிரும்” என்று சொல்லி, கட்டில்களுக்குக் குறுக்கே ஒரு திரையும் கட்டிவிட்டார். எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சில வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்த அன்று இரண்டு பிலிம்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். இரண்டு காலிலும் புது எலும்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

“ரெண்டுக்கும் ஒண்ணுபோலக் கூடியிருக்கு. அப்போ மெஷின் ஒண்ணும் செய்யல்ல. பெட்டியில வச்சு ஆணியடிச்சிரு. திருப்பி அனுப்புவோம்.”

சோதனைதான் முடிந்ததே என்று, கம்பூன்றி வந்த இருவரிடமும் நான் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். செல்லையன் தலையைச் சொறிந்தார். டாக்டரிடம் போனார்.

“சாரே, ஒரு காரியம். நாங்க ஒரு நாளு விட்டு ஒரு நாளு கட்டில் மாறிக் கெடந்தோம்.”

“எதுக்குலே?”

“மொத நாளு எனக்கு லேசாச் சூடு தட்டிச்சு. இவனுக்குத் தட்டல்ல. எனக்கு மட்டும் காலு கூடி, இவன் நொண்டிட்டுக் கெடந்தா, நான் எந்த மொகத்த வச்சிட்டு தங்கச்சி வீட்டுப் படியேறுவேன்? அதான் ஆளுக்குப் பாதி.”

“மச்சான் முழுசையும் எனக்குத் தாறேன்னுதான் சொன்னாரு. நான்தான் சம்மதிக்கல்ல” என்றார் தாசன்.

டாக்டர் மெஷின் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். “பாவிகளா! இது வேலை செஞ்சுதா இல்லியான்னு இனி நான் எப்பிடி அறிய?”

“அடுத்த தடவ மச்சான்மாரப் பிடிக்காதீங்க சாரே, பங்காளிமாரப் பிடியுங்க” என்றார் செல்லையன். “எங்க ஊர்லயே உண்டு. விக்கிச் செத்தாலும் ஒருத்தனுக்கொருத்தன் தண்ணி குடுக்க மாட்டானுவ.”

டாக்டர் சிரித்த சிரிப்பிலேயே மெஷின் திரும்பிப் போகாது என்று தெரிந்துவிட்டது; பெட்டியில் அடித்த ஆணிகளை நானே பிடுங்கினேன்.

எலும்பு செல்லை அந்த அலை என்ன செய்கிறது என்று பின்னாலும் எத்தனையோ பேர் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும்போது எலும்பை மட்டும் பார்த்தால் போதாது, சொந்தபந்தத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. அடுத்து கால் முறிந்து வந்த இருவரிடம் பெயரைக்கூடக் கேட்காமல், “உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை உண்டா?” என்றுதான் கேட்டேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டாக்டருக்கு அப்படியொரு சந்தோஷம்!