கருங்காலிப் பம்பு

நாகலெட்சுமி வருஷக்கணக்காக டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கார்தான் ஓர் அங்குலமும் நகர்ந்ததில்லை.

காரணம், அவள் புருஷன் கணேசமூர்த்தி வாங்கிய பழைய வெள்ளைக் கார். அதன் பிரேக்கில் அடிக்கடி காற்று ஏறிக்கொள்ளும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மற்றவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதிப்பது எப்போதும் நாகலெட்சுமி.

கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர் கணேசமூர்த்தி. ஒரு டிவிஷன் ஆட்களையே காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து வேலை ஏவிய தொண்டைக்கு, ஓய்வுக்குப் பிறகு மிஞ்சியது ஒரே ஒரு ஆள்.

"அமுக்கு! ... விடு! ... அமுக்குன்னேன்ல!"

கொழுந்து பறித்த காலத்தில் நாகலெட்சுமிக்கும் இதே தொண்டைதான் அரைப்பேர் போட்டது. நிறை குறைந்தால் பாதி நாள் சம்பளம். அதற்குப் பெயர் அரைப்பேர். அந்த அநியாயத்துக்குப் பழிவாங்க வேறு வழி தெரியாமல் அவரையே கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்று லயத்து வீடுகளில் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் மறுப்பதில்லை.

போன மாதம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடியே வேலைநிறுத்தம் அறிவித்தாள்.

"இனி அமுக்க மாட்டேன்."

"ஏன், கால் வலிக்குதா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. ஓட்டக் கத்துக்குடுங்க, அமுக்குறேன்."

கோரிக்கை திடீரென்று முளைத்ததல்ல. பழகுநர் அனுமதி எடுத்து, இரண்டு எல் போர்டும் வாங்கி, குசினி ஆணியில், மாவு சலிக்கும் அரிப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள்.

"இந்த ரோட்டுலயா? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்!"

"ஒங்களுக்கு மட்டும் வேற ரோடு போட்டுக் குடுத்திருக்காங்களா?"

பேச்சுவார்த்தை முறிந்தது. நிர்வாகம், அதாவது கணேசமூர்த்தி, போனில் ஒரு வீடியோ பார்த்தது. 'ஒரே ஆள் போதும்' என்று அதில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்தான். ஒன்லைனில் ஓடர் போட்டாயிற்று.

பெட்டி வந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பு, அதன் தலையில் முள் வைத்த வட்ட மீட்டர், ஒரு குட்டிக் குப்பி, சேலைன் ஏற்றுவது போன்ற குழாய்கள், பல அளவில் ரப்பர் மூடிகள். கணேசமூர்த்தி எல்லாவற்றையும் மேசையில் வரிசையாகப் பெரட்டுக்கு நிறுத்தினார்.

பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா இது?"

"கருங்காலி," என்றாள் நாகலெட்சுமி. "ஸ்ட்ரைக்க ஒடைக்க வெளியூர்லேருந்து எறக்கியிருக்காங்க."

ஞாயிறு காலை கருங்காலி வேலைக்கு இறங்கியது. நாகலெட்சுமி முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, பிளேன்டீயோடு மறியலுக்கு உட்கார்ந்தாள். கணேசமூர்த்தி நிப்பிளில் குழாயை மாட்டிப் பம்பை அமுக்க, குழாயில் காற்றுக் குமிழிகள் வரிசையாக வந்தன.

"பாத்தியா? ஆளே வேணாம்!"

நாகலெட்சுமி பார்த்தாள். குமிழியை அல்ல, திறந்து கிடந்த பொனட்டுக்குள் பிரேக் ஒயில் போத்தலை. பம்பு இழுக்க இழுக்க மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் இடையிடையே இறங்கிப் போய் அதில் ஒயில் ஊற்றியதும் அவள்தான். அதற்கு யாரும் 'ஊத்து!' என்று கத்தியதில்லை. ஆகவே கணக்கப்பிள்ளையின் புத்தியில் அது வேலையாகவே ஏறவில்லை.

சொல்லலாம். ஆனால் ஸ்ட்ரைக்கில் இருப்பவள் நிர்வாகத்துக்கு யோசனை சொன்னால் சங்கம் என்னத்துக்கு? பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தாள்.

குமிழிகள் நின்றபாடில்லை. கணேசமூர்த்தி முதலில் குழாயைத் திட்டினார், பிறகு ரப்பர் மூடியை, கடைசியில் வெள்ளைக்காரனை. எழுந்து போய் பிரேக்கை மிதித்தார். சேற்றில் கால் வைத்த மாதிரி அடிவரை போயிற்று.

"போத்தல் காஞ்சிருச்சு. பம்பு இப்ப காத்தத்தான் குடிக்குது," என்றாள்.

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

"பாக்கத்தான் ஒக்காந்தேன். ஒங்க பம்புக்கு இன்னைக்கு அரைப்பேருதான், கணக்கப்பிள்ளை!"

வேலிக்கு அந்தப் பக்கம் சண்முகவடிவு சிரித்தது இரண்டு வீட்டுக்கும் கேட்டது.

"ஊத்து," என்றார் அவர். அவள் அசையவில்லை.

"ஊத்துறியா?" அதற்கும் அசையவில்லை.

"என்னதான்டி வேணும்?"

நாகலெட்சுமி உள்ளே போய் எல் போர்டுகளோடு வந்தாள். கதிரைக்கும் காருக்கும் நடுவில் கூட்டு ஒப்பந்தம் பேசப்பட்டது. முற்றத்தில் மட்டும் என்றார் அவர். முற்றத்தில் தொடங்கி ரோட்டில் முடியும் என்றாள் அவள். முன்னும் பின்னும் போர்டு கட்டியதை இருவரும் பார்த்த பிறகே ஒயில் டின் திறந்தது.

அவர் பம்பை அமுக்க, அவள் போத்தலைக் காயவிடாமல் ஊற்றினாள். கருங்காலியையும் குறை சொல்லக்கூடாது. இப்போது ஒழுங்காக இழுத்தது. குமிழிகள் நின்றதும் அவள் சீட்டில் ஏறிப் பிரேக்கை மிதித்தாள். கல் மாதிரி நின்றது.

"சரி, விடு!" சக்கரத்துப் பக்கமிருந்து பழைய தொண்டை.

"விட மாட்டேன். சாவியக் குடுங்க."

அவர் எழுந்து, கையைத் துடைத்து, சாவியை நீட்டிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறினார். கார் உறுமியது.

"கியரப் போடு. இப்ப கிளச்ச மெதுவா விடு."

"அத வேணும்னா விடுறேன்," என்றாள்.

கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவி நின்றது. கதிரை கவிழ்ந்தது. சண்முகவடிவின் கோழிகள் கூரையேறின. கணேசமூர்த்தி கண்ணைத் திறப்பதற்குள் நாகலெட்சுமி மறுபடியும் சாவியைத் திருப்பினாள்.