சிலோன் கட்டம்

எங்கள் தறியில் நெய்த புடவையை எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் ஒருத்தியும் கட்டியதில்லை. சிவப்பில் பெரிய பெரிய கட்டம். சிலோன் கட்டம் என்போம். கொழும்புக் கடை ஒன்றுக்கு அனுப்ப முதலாளி பட்டு கொடுப்பார். நானும் வீட்டுக்காரரும் நெய்து கொடுப்போம். அதை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான்.

எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழர் கடைகளைக் கொளுத்தினார்கள். ரேடியோவில் கேட்டபோது ஐயோ பாவம் என்றேன். எங்கள் புடவை போகும் கடையும் எரிந்துவிட்டது என்று முதலாளி வந்து தறியை நிறுத்தச் சொன்னபோதுதான், அது என் வீட்டுச் சண்டையும்தான் என்று உறைத்தது. கடைசியாக நெய்ததைக் கூலிக்குப் பதிலாக என்னிடமே கொடுத்துவிட்டார். ஆரணிக் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் லுங்கித் துணியா என்று கேட்டுச் சிரித்தார். அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். தறியைப் பிரித்து விற்றுவிடலாம் என்றார். செத்தாலும் முடியாது என்றேன். முதலாளியிடம் போய் உள்ளூர் ரகம் நெய்ய, தறியில் நீளவாட்டில் ஏற்றும் பாவுப் பட்டு கேட்டேன். கரைக்கு இழை ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளத் துணை ஆள் வேண்டுமே, ஆளில்லாத தறிக்குப் பாவு கொடுத்துப் பட்டை முடக்கச் சொல்கிறாயா என்றார். நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

அதற்குள் சிலோனிலிருந்து படகில் தப்பி வந்தவர்களை எங்கள் பக்கமும் கொண்டுவந்து முகாமில் வைத்தார்கள். ஒருநாள் அங்கிருந்து என் வயதுக்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"கூறை ஒண்டு கிடைக்குமோ?" என்றாள்.

முகாமில் மழைக்கு ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். கூரை மேயத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, ஓலை இங்கே கிடைக்காது, சந்தவாசல் பக்கம் தோப்புகளில் கேளுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி வழி சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். மகளுக்கு முகாமிலேயே கல்யாணமாம். தாலி கட்டும்போது உடுத்தும் புடவைக்கு அவர்கள் ஊரில் கூறை என்று பெயராம். நெசவு ஊர் என்று கேட்டு நடந்தே வந்திருக்கிறாள்.

பெட்டியைத் திறந்து, விலை போகாத அந்தப் புடவையைக் காட்டினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளும் இப்படி ஒன்றைத்தான் கட்டினாளாம். இத்தனை வருஷம் நான் நெய்தது கல்யாணப் புடவை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"காசு இல்லை. தாலி கட்டினதும் கழட்டித் திருப்பித் தாறன்," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இன்னாம்மா பேசறீங்க? பொண்ணு கட்டினத அவுத்து வாங்கிகினு நான் எங்க போய் நிப்பேன்? எடுத்துகினு போங்க."

சும்மா வாங்க மாட்டேன் என்று அவள் அசையாமல் நின்றாள். எனக்கு ஏற்ற ஆள்தான். அப்படியானால் வந்து தறியில் துணைக்கு உட்காருங்கள் என்றேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே வந்துவிட்டாள். தறியில் மிச்சம் கிடந்த பாவில் பழக்கினேன். அவள் இழையை அறுப்பாள், நான் கத்துவேன், அவள் முடிச்சுப் போடுவாள். கை பழகியதும் அவளையும் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவர்கள் இன்றைக்கோ நாளைக்கோ ஊர் திரும்பிவிடுவார்கள், அன்றைக்கு மறுபடி தறி நின்றுவிடுமே என்றார்.

"சண்ட முடிஞ்சு இவங்க ஊருக்குப் போனா, தறி நிக்கட்டுங்க," என்றேன். "அதுவரைக்கும் பாவு குடுங்க."

கொடுத்தார். தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் ஊருக்குப் போகவே இல்லை.